படித்தொகையும் பதக்கமும்: பிலிப்பைன்ஸ் வீராங்கனைகளுக்கு வாய்க்காத தொழில்

1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் பெண்கள் 100 மீட்டர் ஓட்டத்தை இந்தியர்கள் நினைவில் வைத்திருப்பது பி.டி. உஷா பெற்ற வெள்ளிப் பதக்கத்துக்காக. அன்று தங்கம் பெற்றவரின் பெயர் இங்கு அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. அவர் லிடியா டி வேகா. மணிலாவுக்கு வடக்கே புலகான் மாகாணத்தின் மெய்க்காவயனில் பிறந்தவர், தந்தையே பயிற்சியாளர், அப்போது வயது 17. நான்கு ஆண்டுகள் கழித்து சியோலிலும் 100 மீட்டரில் லிடியா முதலிடம், உஷா இரண்டாமிடம். 200 மீட்டரில் அந்த வரிசை மாறியது. ஆசியாவின் வேகமான பெண் யார் என்ற கேள்விக்கு அந்தப் பத்தாண்டில் பெரும்பாலும் இவ்விரு பெயர்களே விடையாக இருந்தன.

ஓட்டம் நின்ற பிறகு இருவர் வாழ்க்கையும் வேறு வேறு திசையில் சென்றன. உஷா தெற்கு ரயில்வேயின் ஊழியர். ஓடிய காலத்திலும் ஓடாத காலத்திலும் அவருக்கு ஒரு பணிப்பதிவேடும் மாதச் சம்பளமும் இருந்தன. லிடியா 1994-இல் ஓய்வு பெற்றார். சில காலம் தம் ஊரின் நகர்மன்ற உறுப்பினராக இருந்தார். 2005 முதல் சிங்கப்பூரில் குழந்தைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்து வாழ்ந்தார். 2022 ஜூலையில், அவர் மார்பகப் புற்றுநோயின் இறுதிக்கட்டத்தில் இருப்பதை மகள் வெளியுலகுக்குத் தெரிவித்தார். மருத்துவச் செலவுக்கு உதவுமாறு குடும்பம் பொதுமக்களிடம் கேட்டது. ஆகஸ்ட் 10 அன்று, 57 வயதில், மணிலாவில் லிடியா இறந்தார்.

இதைத் தனிமனித விதி என்று கடந்துவிடலாம். ஆனால் பிலிப்பைன்ஸ் விளையாட்டு வரலாற்றின் நூறாண்டுகளைப் புரட்டிப் பார்ப்பவருக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எதிர்ப்படும். பெண் விளையாடலாம், வெல்லலாம், கொடி ஏந்தலாம்; ஆனால் விளையாட்டை அவள் ஒரு தொழிலாகக் கொள்ள இடம் எங்கே?

இக்கதை ஓர் ஆடையிலிருந்து தொடங்குகிறது. 1898-இல் ஸ்பெயினிடமிருந்து தீவுக்கூட்டத்தைக் கைப்பற்றிய அமெரிக்கர்கள் 1901-இல் 'தாமஸ்' என்னும் கப்பலில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைக் கொண்டுவந்து இறக்கினர். ஆங்கிலமும் பேஸ்பாலும் ஒரே பாடத்திட்டத்தின் இரு பக்கங்களாக வந்தன. கிறித்தவ இளைஞர் சங்கத்தின் உடற்பயிற்சி இயக்குநராக 1910-இல் மணிலா வந்த எல்வுட் பிரவுன் வாலிபாலைப் பரப்பினார்; 1913-இல் மணிலாவிலேயே முதல் தூரகிழக்குப் போட்டிகளை நடத்தினார். இன்று பிலிப்பைன்ஸ் ஆண்களின் மதம் என்றே சொல்லத்தக்க கூடைப்பந்து, அந்நாட்டின் பள்ளிகளில் முதலில் பெண்களின் ஆட்டமாகவே அறிமுகமானது. 1911 முதல் பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் மாணவியர் அதை ஆடினர். அவர்கள் அணிந்த தொளதொளப்பான காற்சட்டை அடக்கத்துக்கு ஒவ்வாது என்று கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்தது. மூன்றாண்டுகளுக்குள் பெண்களின் கூடைப்பந்து போட்டிப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது.

அது எடுக்கப்பட்ட காலம் கவனிக்கத்தக்கது. அதே ஆண்டுகளில்தான் ஆண்கள் அணி தூரகிழக்குப் போட்டிகளின் கூடைப்பந்தில் கோலோச்சத் தொடங்கியது. 1913 முதல் 1934 வரை நடந்த பத்துப் போட்டிகளில் ஒன்பதில் பிலிப்பைன்ஸே வென்றது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம், 1954 உலகப் போட்டியில் வெண்கலம் என அந்த ஆட்டம் தேசத்தின் அடையாளமாக வளர்ந்தது. பெண்கள் பின்னாளில் அரங்குக்குத் திரும்பியபோது, வீடு வேறொருவர் பெயருக்குப் பதிவாகியிருந்தது.

தொழில்முறை என்ற சொல் அங்கு உருவான விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1938-இல் தொடங்கிய மணிலா தொழில்-வணிக நிறுவனங்களின் விளையாட்டுச் சங்கம் பெயரளவில் அமெச்சூர் அமைப்பு. உண்மையில் மதுபான ஆலை, துணி ஆலை, கப்பல் நிறுவனம் ஆகியவற்றின் பெயர் தாங்கிய அணிகளில் ஆடிய ஆண்கள் அந்நிறுவனங்களின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். இந்தியாவில் ரயில்வேயும் வங்கிகளும் செய்ததை அங்கே தனியார் முதலாளிகள் செய்தார்கள் எனலாம். 1975-இல் அச்சங்கத்திலிருந்து பிரிந்த அணிகள் சேர்ந்து பிலிப்பைன்ஸ் கூடைப்பந்துச் சங்கத்தை நிறுவின. அமெரிக்காவின் என்.பி.ஏ.வுக்கு அடுத்து உலகின் மிகப் பழைய தொழில்முறைக் கூடைப்பந்து லீக், ஆசியாவின் முதல் லீக் என்று அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அரை நூற்றாண்டாக அந்த லீக் ஆண்களுடையது. நிறுவனச் சம்பளத்திலிருந்து தொழில்முறை ஒப்பந்தத்துக்குச் சென்ற அந்தப் பாலத்தில் பெண்கள் காலெடுத்து வைக்கவே இல்லை. அவர்களுக்கு முதல் படியே கட்டப்படவில்லை.

ஆனால் அதே ஆண்டுகளில் நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவந்தவர்களில் பெண்கள் முன்வரிசையில் இருந்தனர். நீச்சல் வீராங்கனை ஹாய்டீ கொலோசோ 1954 மணிலா, 1958 டோக்கியோ, 1962 ஜகார்த்தா என மூன்று ஆசியப் போட்டிகளில் 3 தங்கம், 5 வெள்ளி, 2 வெண்கலம் பெற்றார். ஆசியப் போட்டிகளில் அவ்வளவு பதக்கம் பெற்ற பிலிப்பைன்ஸ் நாட்டவர் வேறு எவரும் இல்லை. ஜகார்த்தாவில் மிண்டனாவோவின் கோட்டபாட்டோவைச் சேர்ந்த முஸ்லிம் பெண் மோனா சுலைமான் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். நான்காண்டுகள் கழித்து பாங்காக்கில், பாலினச் சோதனைக்கு உட்பட மறுத்து மோனா விலகினார். அத்துடன் ஆசியக் களத்தில் அவர் ஓட்டம் முடிந்தது. (2006 தோகா போட்டியில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனையால் இழந்து, பின்னர் செங்கல் சூளையில் கூலிவேலை செய்ய நேர்ந்த புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனை அறிந்த தமிழ் வாசகருக்கு, சோதனை பறிப்பது பதக்கத்தை மட்டுமே அல்ல என்பதை விளக்க வேண்டியதில்லை.)

லிடியாவை வளர்த்தது 1979-இல் மார்கோஸ் ஆட்சி தொடங்கிய 'கின்டோங் அலாய்' திட்டம். அதற்குத் தலைமை ஏற்றவர் அதிபரின் மருமகன் முறையாகும் மைக்கேல் கீயோன். தகாலோக் மொழியில் 'கின்டோ' பொன், 'அலாய்' காணிக்கை. பொற்காணிக்கை என்று பொருள். பெயர் சூட்டியவர்கள் யோசித்துத்தான் சூட்டினார்களோ என்னவோ, அத்திட்டத்தில் வீராங்கனையின் நிலை அப்பெயரிலேயே அடங்கிவிடுகிறது. காணிக்கைப் பொருளுக்குக் கூலி கிடையாது. அது பலிபீடத்தில் வைக்கப்படும், போற்றப்படும். லிடியாவின் வாழ்க்கையைச் சொல்லும் 'மெடால்யாங் கின்டோ' என்ற திரைப்படம் 1982-இலேயே வெளிவந்தது. அவரே அதில் நடித்தார். 1986 மக்கள் எழுச்சியில் மார்கோஸ் வீழ்ந்தபோது அவரது குடும்பத்தை நம்பி நின்ற அத்திட்டமும் தன் செல்வாக்கை இழந்தது. ஓர் ஆட்சியின் புகழுக்காகக் கட்டப்பட்ட பயிற்சி அமைப்பு அந்த ஆட்சியோடு சரிவது இயல்பே. ஓடிக்கொண்டிருந்தவர்கள்தாம் நடுவழியில் நின்றார்கள்.

1990-இல் குடியரசுச் சட்டம் 6847 பிலிப்பைன்ஸ் விளையாட்டு ஆணையத்தை உருவாக்கியது. அதன் நிதியில் ஒரு பெரும்பகுதி அரசுச் சூதாட்டக் கழகத்தின் வருமானத்திலிருந்து 5 விழுக்காடாக வரவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. 2001-லும் பின்னர் 2015-லும் வீரர்களுக்கான நலச் சட்டங்கள் வந்தன. 2015-இன் சட்டம் 10699-இன்படி ஒலிம்பிக் தங்கத்துக்கு 1 கோடி பெசோ, வெள்ளிக்கு 50 லட்சம், வெண்கலத்துக்கு 20 லட்சம். தென்கிழக்காசியப் போட்டித் தங்கத்துக்கு 3 லட்சம். இத்தொகைகளில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. அதற்கும் முன்பு, 2009-இன் மகளிர் பெருஞ்சாசனச் சட்டம் ஒரே விளையாட்டுப் பிரிவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு பரிசுத்தொகை வழங்குவதைத் தடுக்கும் பிரிவையே கொண்டிருக்கிறது. ஏட்டளவில் ஆசியாவின் பல நாடுகளுக்கு முன்னோடியான சட்டம் அது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைச் சட்டத்தின் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. தேசிய அணியினர் மாதந்தோறும் பெறுவதற்குப் பெயர் 'அலவன்ஸ்', அதாவது படித்தொகை. வென்றால் பெறுவது 'இன்சென்டிவ்', ஊக்கத்தொகை. கடையிலும் பேருந்திலும் 20 விழுக்காடு தள்ளுபடி 'சலுகை'. சம்பளம் என்ற சொல் இந்தச் சொல்வரிசையில் இல்லை. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சம்பளம் பெறுபவர் தொழிலாளர்; அவருக்குப் பணிமூப்பு உண்டு, பேறுகால விடுப்பு உண்டு, ஓய்வுக்காலக் கணக்கு உண்டு, வேலைநீக்கத்தை எதிர்த்துப் பேச ஒரு மன்றம் உண்டு. படித்தொகை பெறுபவர் பயனாளி. பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால் தொகை நின்றுவிடும். காயமும் கருவுறுதலும் பெயரை நீக்கப் போதுமான காரணங்கள். சமத்துவப் பிரிவு பரிசுத்தொகையைச் சமன் செய்கிறது. ஆண்களுக்கு ஒப்பந்தமும் பெண்களுக்குப் படித்தொகையும் இருக்கும் நாட்டில் அந்தச் சமன்பாடு வெற்றி மேடையின்மீது மட்டுமே செல்லுபடியாகும்.

இந்த இடைவெளியை நிரப்பியது இராணுவம். சாம்போவாங்காவின் மம்பாங் பகுதியில் மூன்று சக்கர வண்டி ஓட்டுநரின் மகளாகப் பிறந்த ஹிடிலின் டியாஸ், குழாய்க் கம்பியில் சிமெண்ட்டு வார்த்த எடைகளைத் தூக்கிப் பழகியவர். 2008 பெய்ஜிங்கில் 17 வயதில் ஒலிம்பிக் மேடை ஏறினார். 2013-இல் விமானப்படையில் சேர்ந்தார். 2016 ரியோவில் வெள்ளி: ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் பிலிப்பைன்ஸ் பெண். அதன்பிறகும் 2019-இல், டோக்கியோவுக்கான பயிற்சிச் செலவுக்கு நிறுவனங்களிடம் உதவி கேட்கலாமா என்று அவர் சமூக ஊடகத்தில் தயங்கித் தயங்கி எழுத நேர்ந்தது. அதே ஆண்டு அதிபர் மாளிகை வெளியிட்ட ஆட்சிக் கவிழ்ப்புச் சதி வரைபடம் ஒன்றில் அவர் பெயரும் இடம்பெற்றது. அவர் மறுத்தார், பின்னர் அந்தப் பேச்சே அடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் மலேசியாவில் சிக்கிக்கொண்டு, மலாக்காவில் பயிற்சி செய்து, 2021 ஜூலை 26 அன்று 55 கிலோ பிரிவில் மொத்தம் 224 கிலோ தூக்கினார். 1924 முதல் ஒலிம்பிக்கில் பங்கேற்றுவந்த நாட்டின் முதல் தங்கம் அது. அன்றிரவே கோடிகள் அறிவிக்கப்பட்டன. வீடும் கிடைத்தது, விமானப் பயணமும் கிடைத்தது. விமானப்படையில் பதவி உயர்வும் வந்தது.

ஹிடிலினின் கதையை வெற்றிக் கதையாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் ஒலிம்பிக் தங்கம் என்பது நூற்றாண்டுக்கு ஒருமுறை விழும் பரிசுச்சீட்டு. ஒன்பதாம் இடம் பெற்றவரும் அதே அளவு ஆண்டுகளை எடைகளின் கீழ்க் கழித்திருப்பார். அவருக்கு மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கிறது என்பதுதான் தொழில் இருக்கிறதா இல்லையா என்பதன் அளவுகோல். ஹிடிலினுக்கேகூட நிலையான ஊதியம் தந்த ஒரே பதவியின் பெயர் எடைதூக்கும் வீராங்கனை அன்று, படைவீரர்.

குழு ஆட்டங்களில் விதிவிலக்கு வாலிபால். 2004-இல் ஒரு பீட்சா உணவக நிறுவனத்தின் பெயரில் தொடங்கிய மகளிர் கல்லூரி லீக் மெல்ல வளர்ந்து, 2017-இல் பிரீமியர் வாலிபால் லீக் ஆனது. 2020 இறுதியில் அது தொழில்முறை உரிமத்தை நாடியது. 2021-இல் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளுக்கு நடுவே இலோகோஸ் நார்ட்டேயில் முதல் தொழில்முறைப் பருவம் நடந்தது. 2023 டிசம்பரில் அரனெட்டா அரங்கில் நடந்த இறுதிப்போட்டியைக் காண 24,000-க்கும் மேற்பட்டோர் கூடினர். பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது, அதனால் விளம்பரம் வராது, அதனால் சம்பளம் தர இயலாது என்ற பழைய வாய்ப்பாட்டின் முதல் அடியே அந்த மாலையில் உடைந்தது. ஆனால் அந்தக் கூட்டம் ஒரு நாளில் வந்ததன்று. அலிஸ்ஸா வால்டெஸ் தலைமுறை அட்டெனியோ, லா சால் பல்கலைக்கழகங்களுக்காகத் தொலைக்காட்சியில் ஆடி ஈர்த்த கூட்டம் அது. அரங்கு நிரப்பிய அந்த ஆண்டுகளில் அவர்கள் மாணவியர். பெற்றது கல்வி உதவித்தொகை. சந்தையை உருவாக்கிய உழைப்புக்கு ஊதியம் கிடைத்ததோ, பல ஆண்டுகள் தள்ளித்தான்.

அணிகளின் பெயர்களும் பேசுகின்றன. கிரீம்லைன் ஐஸ்கிரீம், சோக்கோ மூச்சோ சாக்லேட் பிஸ்கட், சிக்னல் தொலைக்காட்சி இணைப்பு. ஊர்ப்பெயர் கொண்ட அணி இல்லை. ஆண்கள் கூடைப்பந்து லீக்கும் இப்படியே இருப்பதால் இதில் புதுமை இல்லை எனலாம். ஆனால் ஊருக்குச் சொந்தமான அணி தோற்றாலும் இருக்கும். விளம்பரச் செலவுக் கணக்கில் வாழும் அணி ஒரு நிர்வாகக்குழுக் கூட்டத்தில் மறையும். 2023 பருவத்தோடு எஃப்2 லாஜிஸ்டிக்ஸ் அணி கலைந்தபோது நன்கு அறியப்பட்ட ஆட்டக்காரர்களே புது அணி தேட வேண்டியதாயிற்று.

கல்லூரி அணிப் பெயர்களில் இன்னொரு செய்தி உண்டு. தகாலோக் மொழியின் படர்க்கைப் பெயர் 'சியா' பால் காட்டாதது. அவன், அவள் என்ற பிரிவு அம்மொழிக்குத் தேவைப்படவில்லை. ஸ்பானியத்திலிருந்து வந்த 'அட்லெட்டா'வும் இருபாலுக்கும் ஒன்றே. பால் வேறுபாடு ஆங்கிலத்தின் வழியே நுழைகிறது: நேஷனல் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் 'புல்டாக்ஸ்', பெண்கள் 'லேடி புல்டாக்ஸ்', லா சாலின் வாலிபால் பெண்கள் 'லேடி ஸ்பைக்கர்ஸ்'. அடைமொழி இல்லாதது இயல்பு, அடைமொழி பெற்றது கிளை. தேசியக் கால்பந்தில் ஆண்கள் அணி 'அஸ்கால்ஸ்', தெருநாய்கள் என்று செல்லமாக அழைக்கப்பட்டபோது பெண்கள் அணி 'மல்டிடாஸ்' எனப்பட்டது. துடுக்குக்காரிகள் என்று மொழிபெயர்க்கலாம். உலகக் கோப்பை நெருங்கிய காலத்தில் அப்பெயர் கைவிடப்பட்டு 'பிலிப்பினாஸ்' நிலைத்தது.

அந்த லேடி புல்டாக்ஸ் அணி பல்கலைக்கழகக் கூடைப்பந்தில் தொடர்ச்சியாக 108 ஆட்டங்களை வென்றது. 2022-இல்தான் லா சால் அத்தொடரை முறித்தது. அப்படியோர் அணியில் ஆடி முடித்தவர் பட்டம் வாங்கிய மறுநாள் எங்கே போவது? 2020-இல் மகளிர் தேசியக் கூடைப்பந்து லீக் தொழில்முறை உரிமம் பெற்றது. பெருந்தொற்றுக் காலத்தில் பிறந்த அந்த முயற்சி வாலிபாலைப் போல வேர் பிடிக்கவில்லை. அவ்வணியின் நடுக்கள ஆட்டக்காரர் ஜாக் அனிமாம் தைவான் சென்றார், பிறகு 2021-இல் செர்பியாவின் ராத்னிச்கி கிராகுயேவாட்ஸ் சங்கத்தில் ஒப்பந்தமானார். வாலிபாலின் ஜாஜா சாந்தியாகோ ஜப்பானிய லீக்குக்குப் போய், அந்நாட்டுக் குடியுரிமை பெற்று, இன்று சச்சி மினோவா என்ற பெயரில் ஆடுகிறார். 2021-இல் பிலிப்பைன்ஸ் கொடியின்கீழ் அமெரிக்க மகளிர் ஓப்பன் கோல்ஃப் வென்ற யூகா சாசோ, தந்தை நாடான ஜப்பானின் குடியுரிமையை அதே ஆண்டில் தேர்ந்துகொண்டார். இவர்களைப் பற்றிய நாட்டுப்பற்று விவாதங்கள் அங்கே பலமுறை நடந்துவிட்டன. 1974-இன் தொழிலாளர் சட்டம் முதல் செவிலியரையும் வீட்டுப் பணிப்பெண்களையும் உலகெங்கும் அனுப்பி அவர்களின் பணத்தில் வாழும் ஒரு பொருளாதாரம், வீராங்கனை ஒருத்தி அதே விமானத்தில் ஏறும்போது மட்டும் வியப்பது விந்தை. கொராசோன் அகினோ 1988-இல் ஹாங்காங்கின் பணிப்பெண்களை 'புதிய வீரர்கள்' என்று அழைத்தார். அதற்கு அவர் கையாண்ட 'பயானி' என்ற சொல்லைத்தான் பதக்கம் வென்றவர்களுக்கும் நாளேடுகள் சூட்டுகின்றன.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு. 2022 ஜனவரி 30 அன்று புணேயில், ஆசிய மகளிர் கோப்பைக் காலிறுதியில் சீன தைப்பேயைப் பெனால்டி உதைகளில் வென்று பிலிப்பைன்ஸ் தன் முதல் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. போட்டியை நடத்திய இந்தியா, தொற்று பரவியதால் விலக நேர்ந்த அதே தொடர் அது. முடிவுசெய்த உதையை அடித்தவரும், 2023 ஜூலை 25 அன்று வெலிங்டனில் நியூசிலாந்துக்கு எதிராக நாட்டின் முதல் உலகக் கோப்பைக் கோலை அடித்தவரும் சரீனா போல்டன்; கலிபோர்னியாவில் பிறந்தவர். அணியின் பெரும்பான்மையோர் அமெரிக்காவில் வளர்ந்தவர்கள், 1972-இன் கல்விச் சமத்துவச் சட்டத்தால் மாணவியர் விளையாட்டுக்கு நிதி பெற்ற கல்லூரிகளில் உருவானவர்கள். மறுபுறம், 2016-இல் உள்நாட்டில் தொடங்கிய மகளிர் கால்பந்து லீக்கின் முதல் மூன்று பட்டங்களை வென்றது ஒரு தொழில்முறைச் சங்கமன்று. லா சால் பல்கலைக்கழகம். 1911-இல் பள்ளி மைதானத்தில் காற்சட்டை அணிந்து பந்தெறிந்த பெண்களை நிறுத்திய நாட்டுக்கு, அந்த ஆட்டங்களைக் கொண்டுவந்த நாட்டிலிருந்தே நூறாண்டு கழித்து வீராங்கனைகள் வந்தார்கள்.

லிடியா டி வேகா 1987-இல் ஜகார்த்தாவில் 100 மீட்டரை 11.28 விநாடியில் ஓடியது 33 ஆண்டுகள் தேசிய சாதனையாக நின்றது. 2020 ஆகஸ்ட்டில் அதை ஒரு நூறில் ஒரு விநாடியால் முந்தியவர் கிறிஸ்டினா நாட், அமெரிக்காவில் பிறந்து பயின்றவர். அந்த ஓட்டம் நடந்த இடம் அயோவா.